நாற்பதடி தள்ளி நின்ற சிலுவை

எல்லை நடைக்கு ஊரே கிளம்பியிருந்தது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டைச் சுற்றிவந்து, எல்லையில் நிற்கும் பழைய கற்சிலுவைகளைக் கம்பால் தட்டி, "எல்லை இதுதான்!" என்று கத்துவோம். தட்டிய இடம்தான் எல்லை. அப்புறம் பேச்சே கிடையாது.

நான் மட்டும் பின்தங்கியே நடந்தேன். போன கோடையில் தண்ணீரில்லாமல் எங்கள் ஆடுகள் செத்தன. என் புருஷன் ரூபன் எங்கள் நிலத்தை ஒட்டி நின்ற சிலுவையை டிராக்டரில் இழுத்து நாற்பதடி தள்ளி நட்டுவிட்டான். ஊர்ப்பொது ஊற்று எங்கள் நிலத்துக்குள் வந்துவிட்டது.

"வேணாம் ரூபன், சொல்லிடலாம்," என்றேன் மெதுவாக.

"சும்மா வா டாம்சின். ஒரு தட்டு, ஊற்று நம்மது."

சிலுவையை நெருங்கும்போதே மூடுபனி இறங்கியது. ஈரக் கம்பளி நாற்றம்.

"என்னப்பா, கல்லுக்குக் கால் முளைச்சிருச்சா? இந்தப் பக்கம் வந்திருக்கு!" என்றார் ரொட்டிக்கடை ஹெக்ஸ்ட். எல்லோரும் சிரித்தார்கள். ரூபன்தான் அதிகம் சிரித்தான்.

பாதிரியார் தட்டினார். கத்தினோம்.

நாற்பதடிக்கு அப்பால், பனிக்குள், கல்லில் கம்பு தட்டும் சத்தமும் ஒரு குரலும் கேட்டன.

"எல்லை இதுதான்."

அங்கே யாருமில்லை. சிலுவையைப் பிடுங்கியபின் நாங்கள் மூடிய பழைய குழி மட்டுமே இருந்தது.

"எவன்டா அவன்?" ரூபன் பனிக்குள் பாய்ந்தான்.

"உன் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடு!" என்று அலறினேன். மேட்டில் ஏதாவது மாயம் வழியைக் குழப்பினால், அது விலக நாங்கள் அதைத்தான் செய்வோம்.

"போட்டுட்டேன் டாம்சின்!"

குரல் பக்கத்தில்தான் கேட்டது.

அடுத்த தடவை அதே குரல் காலடி மண்ணுக்குள்ளிருந்து கேட்டது.

பனி விலகியது. எங்கள் நடுவே நின்ற சிலுவையைக் காணோம். அது பழைய இடத்தில், சுற்றிலும் புல் மூடி, அசைக்கவே படாததுபோல் நின்றது. அதன் கையில், திருப்பிப் போட்ட ரூபனின் கோட்டு தொங்கியது.

அங்கேயே மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தோண்டுங்கள் என்று ஒவ்வொருவர் காலிலும் விழுந்தேன்.

"எல்லைக்கல்லை மறுபடி அசைக்கவா? ஆளை விடு தாயே," என்றார் ஹெக்ஸ்ட்.

இப்போதும் தினமும் போகிறேன். நேற்று மத்தியானம் கல்லின்மேல் கைவைத்தேன். உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"கொஞ்சம் தள்ளு, டாம்சின்."