ரெண்டே ரெண்டு சாவி!

"ஆ...!"

சாவியக்கா போட்ட அலறலில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு பறந்தன.

படுக்கையறை வாசலில் நின்றாள். கையில் பயணப் பெட்டி. எதிரே அவளுடைய கட்டில். அவளுடைய போர்வை.

போர்வைக்கு வெளியே... இரண்டு கால்கள்!

வெளிறிப்போய், விறைத்துப்போய், அசையாமல்!

அவளே பூட்டிவிட்டுப் போன வீடு. இப்போதுதான் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறாள். சமையலறையில் எச்சில் தட்டுகளும் காலி பிஸ்கட் பாக்கெட்டுகளும் இறைந்து கிடந்தன. இப்போது இது!

பெட்டியைப் போட்டாள். ஓட்டம் பிடித்தாள். அந்த ஓட்டத்திலும் வாசல் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை உருவிக்கொண்டுதான் ஓடினாள். பூட்டுச் சாவிக் கடைக்காரி இல்லையா! தலை போகிற அவசரத்திலும் கை தன் வேலையைச் செய்துவிடும். தெருவே அவளைச் சாவியக்கா என்று கூப்பிடுவது சும்மாவா?

எதிர்வீட்டு ஏட்டையா கதவைத் திறந்தார். போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"நீயா? நீதான் போயிட்டியேம்மா!"

"ஏட்டையா, நான் வெளிநாடுதான் போனேன். மேலோகம் போகலை!"

"ஒரேயடியா போயிட்டியே! தெருவே கூடி அழுது வழியனுப்பினோமே! சுவர்க் கடிகாரம் வேற வாங்கிக் கொடுத்தோமே!"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். அழற சத்தத்துல யாரு காதுல விழுந்துச்சு? புருஷன் மூலமா கிடைச்ச குடியேற்ற விசா இது. அவங்க சொன்ன தேதிக்குள்ள ஒரு தடவை அந்த ஊர்ல போய் இறங்கி முத்திரை வாங்கிக்கணும். இல்லேன்னா விசா வீணாப் போயிடும். அதுக்குத்தான் போனேன். ரெண்டு வாரம் அவரோட இருந்துட்டுத் திரும்பிட்டேன். இனிமேதான் கடையைக் காலி பண்ணிட்டு, வீட்டை ஒழிச்சுட்டு, ஒரேயடியா போகணும்."

"அப்போ அந்தக் கடிகாரம்..."

"கடிகாரம் கிடக்கட்டும்! என் கட்டில்ல ஒரு பொணம் கிடக்கு!"

ஏட்டையாவின் மீசை நிமிர்ந்தது.

"பொணமா?" என்றார். குரலில் அடக்க முடியாத சந்தோஷம். ஓய்வுக்குப் பிறகு தேடி வந்த முதல் கேஸ் ஆயிற்றே!

லத்தியும் கையுமாகத் தெருவைத் தாண்டினார். வாசல் கதவில் மூக்கு உரச உரசப் பூட்டை ஆராய்ந்தார்.

"உடைக்கலை... நெம்பலை... ஒரு கீறல்கூட இல்லை. கள்ளச்சாவி போட்டிருப்பானோ?"

சாவியக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன பேச்சு இது? நானே என் கையால செஞ்ச பூட்டு. உள்ளேயிருந்து திறக்கணும்னாலும் சாவி வேணும். இதுக்குக் கள்ளச்சாவி போடறவன் இனிமேதான் பொறந்து வரணும்!"

"மொத்தம் எத்தனை சாவி?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு இதோ. இன்னொண்ணு அவர் கழுத்துச் சங்கிலியில. நேத்து என்னை ஏர்போர்ட்ல கொண்டுவந்து விட்டாரே, அப்பக்கூடத் தொங்கிச்சு."

அவரைச் சொன்னதுமே கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை கிடைத்து கணவன் மட்டும் முதலில் அங்கே போனான். மூன்று வருடம் ஆளுக்கொரு மூலையில் கிடந்து வாங்கிய விசா. ஆசை ஆசையாகத்தான் போய் இறங்கினாள். அங்கே போனால்... எந்தக் கதவிலும் சாவித் துவாரமே இல்லை! எண்களை அமுக்கினால் திறக்கிறது. அந்த ஊரில் அவளுக்கு என்ன வேலை? "ஊர் எப்படி?" என்று அவன் கேட்டபோதெல்லாம் "ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்று சிரித்து வைத்தாள். விமானம் ஏறியதும் விக்கி விக்கி அழுதாள். கடையை விடவும் மனசில்லை. அவனைப் பிரிந்திருக்கவும் தெம்பில்லை.

"வீட்டுக்காரருக்குப் போன் போடு. சாவியை யாருக்காவது கொடுத்தாரான்னு கேளு" என்றார் ஏட்டையா.

போட்டாள்.

மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

சாவியக்காவின் முகம் மாறியது. மெதுவாகப் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

அப்போதும் மணிச் சத்தம் கேட்டது.

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து!

"ஏட்டையா... அது அவர் போன்!"

"பதறாதே. அவர் கடல் தாண்டி இருக்காரு..."

"போன் இங்க இருக்கே! அவரை என்ன பண்ணித் தொலைச்சாங்களோ! எனக்குக் கடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவர் நல்லா இருந்தாப் போதும்!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. ஏட்டையாதான் வாங்கித் திறந்தார்.

படுக்கையறை. அதே கால்கள். தலையணைக்கு அடியில் போன் அலறிக்கொண்டிருந்தது.

ஏட்டையா மூச்சைப் பிடித்துக்கொண்டு லத்தி நுனியால் உள்ளங்காலைச் சுரண்டினார்.

பிணம் காலை இழுத்துக்கொண்டது!

"ஐயோ!" என்று கத்தியவர் ஏட்டையா.

போர்வை விலகியது. கலைந்த தலை. காதில் பஞ்சு. கழுத்தில் சங்கிலி. சங்கிலியில் சாவி!

"நீங்களா?"

"வந்துட்டியா?" கணவன் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "உன் விமானம் நடுவுல ஒரு ஊர்ல ராத்திரி பூரா நின்னு வரும். நான் நேர் விமானம் பிடிச்சேன். முன்னாடியே வந்து வாசல்ல நின்னு உன்னை அசத்தணும்னு நினைச்சேன். அசந்து தூங்கிட்டேன்."

ஏட்டையாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

"கட்டின புருஷன் காலு அடையாளம் தெரியலையாம்மா?"

"அந்தக் குளிர்ல ரெண்டு வாரமும் மனுஷன் சாக்ஸைக் கழட்டினாத்தானே தெரியும்!"

தலையணையை எடுத்து நாலு சாத்து சாத்தினாள். பிறகு அதே தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

"எதுக்கு வந்தீங்க? லீவா?"

"வேலையை விட்டுட்டேன்."

"என்னது! மூணு வருஷம் தவம் கிடந்த விசா!"

"ஒவ்வொரு கதவு முன்னாடியும் குனிஞ்சு சாவித் துவாரத்தைத் தேடினியே, நான் பார்க்கலேன்னு நினைச்சியா? கேட்டா 'பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு'ன்னு பொய் வேற. உனக்குப் பூட்டு செய்ய வரும். பொய் சொல்ல வராது." கண்ணைத் துடைத்துவிட்டான். "எனக்கென்ன... எந்த ஊரு லிஃப்டும் மேலேயும் கீழேயும்தான் போகுது. நீ ஒரேயடியா அங்க வரதுக்குப் பதிலா, நான் ஒரேயடியா இங்க வந்துட்டேன்."

சாவியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டினாள்.

"வந்தது சரி, தின்ன தட்டைக் கழுவக் கூடாதா? சமையலறையைக் குப்பைமேடா ஆக்கி வெச்சிருக்கீங்க!"

"தட்டா? நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையே. வந்தேன், கதவைப் பூட்டினேன், படுத்தேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நிசப்தத்தில்... தலைக்கு மேலே, பரணிலிருந்து...

"ஏ...வ்!"

ஏப்பம்!

"எவன்டா அது? இறங்கு!" ஏட்டையாவின் குரலில் பழைய கம்பீரம் திரும்பியது.

உருண்டை உருண்டையாக ஓர் ஆள் இறங்கினான். கக்கத்தில் சுவர்க் கடிகாரம்.

"எங்க கடிகாரம்!" என்று பாய்ந்து பிடுங்கினார் ஏட்டையா. "எப்படிடா உள்ள வந்தே?"

"சமையலறை வென்டிலேட்டர் வழியாங்க. போன வாரம்."

"வந்த வழியே போக வேண்டியதுதானே?"

"வரும்போது ஒல்லியா இருந்தேங்க! அக்கா டப்பா டப்பாவா பிஸ்கட்டும் முந்திரியும் வெச்சுட்டுப் போயிருந்தாங்க. யாரு வரப்போறாங்கன்னு நிதானமாத் தின்னேன். இப்போ தலை போகுது, தோள் போகுது, தொப்பை மாட்டிக்குது!"

"கதவைத் திறந்திருக்கலாமே?" என்றாள் சாவியக்கா ஆர்வமாக.

"அந்தப் பூட்டோட நாள் பூரா மல்லுக்கட்டினேங்க்கா. என் சர்வீஸ்ல இப்படி அவமானப்பட்டதே இல்லை! இன்னிக்கு இவர் வந்து படுத்தாரு. கழுத்துச் சாவியை உருவலாம்னு இறங்கப் போனேன்... நீங்க வந்து அலறிட்டீங்க. பயந்துபோய் மறுபடியும் மேலயே பம்மிட்டேன். விசா கிடைச்சு ஒரேயடியா போயிட்டாங்கன்னு தெருவே சொல்லுச்சு. நம்பி வந்தேன். புருஷனும் வராரு, பொண்டாட்டியும் வராங்க... இதெல்லாம் அநியாயங்க்கா!"

கணவன் அவள் தோளைத் தட்டினான்.

"கேட்டியா? உன் கடைக்கு இதைவிட ஒரு விளம்பரம் வேணுமா?"

"நாளைக்கே கடையைத் திறக்கறேன்!" சாவியக்கா முகம் பூரித்துப்போனது.

ஏட்டையா திருடன் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். வாசல் தாண்டும்போது திருடன் சட்டென்று நின்றான். பூட்டைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கிலி.

"அக்கா... ஒரே ஒரு சந்தேகம். ஸ்டேஷன் லாக்கப்புக்குப் பூட்டு போட்டதும் நீங்கதானா?"

"இல்லையே. ஏன்?"

திருடன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"அப்போ சீக்கிரம் நடங்க ஏட்டையா... சாயங்காலத்துக்குள்ள நான் வீடு திரும்பணும்!"