பம்பரில் கட்டிய கயிறு

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் காரை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல இருந்தது.

சிலுவை ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான். என்ஜின் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்த நேரம். வாய்க்காலோரத்து வயல்களின் ஈர மண் வாசம் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஒரு கார் இப்படி இழுத்தால் அதற்குக் காரணங்கள் உண்டு. பிரேக் கட்டை டிரம்மை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், டயரில் காற்று இறங்கியிருக்கலாம். முதல் இரண்டும் என்றால் சக்கரம் சுடும். ஈரானில் கொரம்ஷாகர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் யோசிக்காமலே வரும். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போனது, புறங்கைக்குத்தான் சூடு முதலில் தெரியும். சூடு இல்லை. இரண்டு சக்கரங்களும் குளிர்ந்திருந்தன. டயர்கள் கல்லைப் போல இருந்தன.

டிக்கி மூடி ஒரு விரல்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகக் கயிறு வெளியே வந்து, வந்த ரோட்டில் பின்னோக்கி நீளமாகக் கிடந்தது.

ஈரானை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அதைச் சுருட்டித்தான் வைத்திருந்தான். ஒரு முனை பம்பரில் முடிச்சிட்டபடியே இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கவும் அவனால் முடியவில்லை, அறுக்கவும் மனம் வரவில்லை. இப்போது கயிற்றை மறுபடி இழுத்துச் சுருட்டினான். நனைந்திருந்தது. ரோடு காய்ந்து கிடந்தது.

காரில் ஊருக்குப் போகலாம் என்றது பர்னபாஸ்தான். சிலுவையின் தங்கை மெட்டில்டாவின் கணவன் அவன். அங்கே இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். "பிளேன்ல போனா ஊரு சட்டுனு வந்துரும் மச்சான். அவகிட்டச் சொல்லுததுக்கு ஒண்ணும் இருக்காது. இதுல போனா ஒவ்வொரு ஊரா சொல்லலாம்லா" என்றான். பழைய பெஜோ கார் ஒன்றை வாங்கினார்கள். ஸ்டீரிங் இடப்பக்கம் உள்ள கார். எல்லை தாண்ட ஆளுக்குப் பாஸ்போர்ட் போலக் காருக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு தாளைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது ஒரு தாளைக் கிழிப்பார்கள். உள்ளே போன கார் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆளுக்கு அப்படிக் கிழிக்கத் தாள் எதுவும் இல்லை.

கெர்மான் தாண்டிய உப்புப் பாலைவனத்தில் மணற்காற்று பிடித்துக்கொண்டது. தார் ரோடு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. தேடிப் பார்க்கப் பர்னபாஸ் இறங்கினான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைச் சிலுவை கையில் கொடுத்துச் சிரித்தான்.

ஏன் சிரித்தான் என்பது சிலுவைக்குத் தெரியும். இரண்டு பேரும் பல வருசம் சங்கு குளித்தவர்கள். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவான். மறுமுனை மேலே வள்ளத்தில் அவன் மனைவியின் உடன்பிறந்தான் கையில் இருக்கும். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்பதால் வந்த ஏற்பாடு. மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை இரண்டு முறை சுண்டுவான். தூக்கு என்று அர்த்தம். ஆழத்திலிருந்து வரும் அந்தச் சின்ன அசைவு உள்ளங்கைக்கு மட்டுமே தெரியும். ஆகவே கயிற்றை எதிலும் கட்டிப் போடக் கூடாது. வள்ளத்து மரத்துக்கு உணர்ச்சி கிடையாது.

இரும்புக்கும் கிடையாது.

காற்று கார்க் கதவைப் பிய்த்துவிடுவது போல அடித்தது. அதைச் சாத்தி வரும் நேரத்துக்குத்தான் சிலுவை கயிற்றைப் பம்பரில் முடிந்தான். திரும்பி வந்தபோது கயிறு விறைத்து அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் தொடும் முன்பே தொய்ந்தது. இழுத்தான். மறுமுனையில் வளையம் அப்படியே இருந்தது, பர்னபாஸின் இடுப்பு அளவுக்கு. முடிச்சு அவிழவில்லை. போலீஸ் ஜீப்புகள் தேடின. ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை.

டெல்லியிலிருந்து மெட்டில்டாவுக்குத் தந்தி கொடுத்தான். வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. 'இருவரும் சனிக்கிழமை வருகிறோம்.'

ஊருக்கு நேர் ரோடு இருக்க, ஸ்ரீவைகுண்டம் வழியாக அவன் சுற்றி வருவதும் அதனால்தான். அவள் அழுவாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அழுது முடித்து ஒரு கேள்வி கேட்பாள். கயிறு உன் கையிலயா இருந்துச்சு?

ஆத்தூரில் டீக்கடை முன் நிறுத்தினான். கடைக்காரர் மாடக்கண்ணு கிளாசைக் கழுவிக்கொண்டே காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மாடு அத்துக்கிட்டுப் போயிட்டா? கயிறு மட்டும் வருது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிலுவை திரும்பிப் பார்த்தான். டிக்கியை அவன் சாவி போட்டுப் பூட்டியிருந்தான். கயிறு பம்பரிலிருந்து இறங்கி, பாலத்துப் பக்கமாக ரோட்டில் நீண்டு, கானல் அசையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

டீயைக் குடிக்காமல் கிளம்பினான்.

முள்ளக்காடு வந்தது. இரண்டு பக்கமும் உப்பளங்கள், வெட்டவெளி, குவித்த உப்பின் மேல் மாலை வெயில். அந்தப் பாலைவனமும் இதே வெள்ளைதான். இதே வாசம்தான், நாக்கில் ஒட்டும் கரிப்பு. கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். கயிறு பின்னால் நேராக, விறைப்பாக வந்தது.

பம்பர் கிறீச்சிட்டது.

ஒரு முறை.

இன்னொரு முறை.

காரே அதிர்ந்தது. நிறுத்தி இறங்க வேண்டும். கயிற்றைக் கையில் எடுக்க வேண்டும். அதற்குத்தானே மச்சினன். ஆனால் தூக்கினால் என்ன வரும்?

நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் மெட்டில்டா நின்றிருந்தாள். புதுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. ஓடி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தாள். இருக்கையில் பர்னபாஸின் பெட்டி மட்டும் இருந்தது.

"அவுக எங்கண்ணே? பின்னால வாராகளா?"

சிலுவை ஸ்டீரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு காரைச் சுற்றிப் பின்னால் போனாள். கயிறு தெரு மண்ணில் கிடந்தது, தெருமுனை வரைக்கும், அங்கே திரும்பி மறைந்தது. சங்கு குளிப்பவனின் மனைவிக்கு அந்தக் கயிறு எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, பம்பரின் முடிச்சை விரலால் தடவினாள்.

"கட்டியா போட்ட?"

அவன் இறங்கி வந்தான்.

"சொல்லுண்ணே. கையில பிடிக்காம, கட்டியா போட்ட?"

அவள் விரலுக்கடியில் கயிறு சுண்டியது. இரண்டு முறை.

மெட்டில்டாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இருக்காகல்லா! தூக்கச் சொல்லுதாகல்லா!"

"தொடாதளா. விட்டுரு."

அவள் இழுக்கத் தொடங்கியிருந்தாள், கைமாற்றிக் கைமாற்றி, வள்ளத்தில் நிற்பவனைப் போல. உப்புப் பூத்த ஈரக் கயிறு அவள் காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. அதன் நீளம் சிலுவைக்குத் தெரியும். அது எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

"புடிண்ணே. கனக்கு."

பிடித்தான். உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிட்டது. கனம் சீராக வரவில்லை. ஓர் அடி வந்தது. நின்றது. இன்னோர் அடி.

தெருமுனைக் குழாயடியில் பெண்கள் குடங்களை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். யாரும் கத்தவில்லை.

"வந்துட்டாக, வந்துட்டாக" என்று மெட்டில்டா அழுதுகொண்டே சிரித்தாள்.

மண்ணில் உரசிக்கொண்டிருந்த கயிறு தெருமுனையில் மெல்ல எழும்பியது. முழங்கால் உயரம். தொடை உயரம்.

ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில் வந்து நின்றது.