கடைசி வீட்டுத் தண்ணீர்

மூன்றாவது குழாயில் பிடித்த தண்ணீர், சோதனைப் பொடி போட்ட பிறகு லேசாக நிறம் மாறியது. மாறியது என்று சொல்வதுகூட அதிகம். சாயம் போகிற துணியோடு ஊறிய வெள்ளைக் கைக்குட்டை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் ஓர் ஊதாச் சாயல். இமெல்டா அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். ஜூலை மாதத்து மதியம், நூற்றுப் பதினெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். பேரீச்சந்தோப்பில் ஓர் ஓலைகூட அசையவில்லை. தெற்கே சால்டன் ஏரியிலிருந்து செத்த மீன் வாடை மட்டும் மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இந்த வெயிலில் கண் என்ன வேண்டுமானாலும் காட்டும் என்று சொல்லிக்கொண்டு குப்பியை மீட்டருக்குள் வைத்தாள். பதினேழு.

போன மாதம் இதே இடத்தில் இரண்டு. சட்டப்படி பத்தைத் தாண்டக் கூடாது.

எல் மெதானோ என்ற அந்தப் பாலைவன ஊரின் தண்ணீருக்கு மருந்து போடுகிறவள் அவள்தான். அந்த ஊர் நிலத்தடி நீரில் குரோமியம் உண்டு. யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை, பாறையிலேயே இருப்பது. அதில் இரண்டு வகை. வேலைக்காரர்கள் சுருக்கமாக ஆறு, மூன்று என்பார்கள். ஆறு நஞ்சு, மூன்று பரமசாது. சோதனைப் பொடி பட்டால் ஆறு மட்டும்தான் ஊதாவாகும்; அளவு மீறிப் போனால் பொடியே இல்லாமல் தண்ணீர் மஞ்சளாகும். ஆறை வடிகட்டி வெளியே எடுக்க ஏகப்பட்ட செலவாகும் என்பதால், கிணற்றடியிலேயே வெள்ளீய உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அதை மூன்றாக்கி, அப்படியே குழாயில் அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. பின்னால் கிருமிக்காகக் கொஞ்சம் குளோரின். அந்தக் குளோரின் இருக்கிறதே, அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. அளவு கூடினால் தூங்குகிற மூன்றைத் தட்டியெழுப்பி மறுபடி ஆறாக்கிவிடும். வெயில் காலத்தில் கிருமி பெருகும் என்று மேலிடம் சொன்னதால், மூன்று நாள் முன்பு குளோரினை ஏற்றியதும் அவள் கைதான்.

சரி, எழுந்துவிட்டது. கிணற்றில் இருந்ததே பதினெட்டு, எல்லாமே எழுந்தாலும் அதற்கு மேல் போக வழியில்லை. அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் லாரியைக் கிளப்பினாள்.

நான்காவது குழாயில் நாற்பத்தொன்று.

குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி பிடித்தாள். பொடிப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டாள், ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பக்கத்தில் எங்கோ ஒரு கூலரின் பட்டை கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு.

மேற்பார்வையாளர் ரோஹேலியோவுக்குப் போன் போட்டாள்.

"மீட்டருக்கு வெயில்ல மயக்கம் வந்திருக்கும், இமெல்டா. நிழல்ல வச்சுப் பாரு."

"நிழல்லதான் வச்சேன். கிணத்துல பதினெட்டு, இங்க நாப்பத்திரண்டு. எங்கிருந்து வருது, சொல்லுங்க?"

போனில் அவர் நாற்காலி முனகுவது கேட்டது.

"மூணு வருஷமா நாம தூங்க வச்சதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் இமெல்டா. "நாம எதையும் வெளிய எடுக்கலையே. குழாய்க்குள்ளயேதான படிஞ்சு கிடக்கு?"

"அப்படியெல்லாம் யோசிக்காத."

"லைனை மூடுங்க."

"ரெண்டாயிரம் வீடு. பாதி வீட்டுல தண்ணில ஓடற ஏர் கூலர்தான். இந்த வெயில்ல மூடினா சாயங்காலத்துக்குள்ள எத்தனை கிழவங்களைத் தூக்குவோம்னு தெரியுமா? லேப்புக்கு ஒரு பாட்டில் அனுப்பு. திங்கட்கிழமை சொல்லிடுவாங்க."

அன்று வியாழக்கிழமை.

ஆறாவது குழாய், கடைசிக் குழாய், இமெல்டாவின் மகள் நயேலியின் சமையலறையில் இருந்தது. லைன் முடிகிற வீடு. சோதனைக்குப் போகிற சாக்கில் மதியச் சாப்பாடும் ஆகிவிடும் என்று இமெல்டாவே தேர்ந்தெடுத்த இடம். நயேலிக்கு எட்டாவது மாதம். அவள் புருஷன் திராட்சை அறுப்புக்கு வடக்கே போய் ஆறு வாரமாகிறது.

எல் மெதானோவில் பெரும்பாலும் யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. கடையில் பெரிய பாட்டிலில் பிடித்து வந்து, மரத்தாங்கியில் சாய்த்து வைத்துக் குடிப்பார்கள். அது இமெல்டாவுக்குப் பெரிய அவமானம். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்த பாட்டிலையும் தாங்கியையும் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள். "நான் போடற மருந்து. என் பேரன் இதைத்தான் குடிச்சு வளரணும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

நயேலிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஐந்தாவது குழாய் டிரெய்லர் வீடுகளின் நடுவே இருந்தது. எர்லிந்தா என்ற கிழவி பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்க, அதற்குள் மூன்று பிள்ளைகள் கழுத்துவரை அமிழ்ந்திருந்தன. பிள்ளைகள் கத்தவில்லை, தண்ணீரை வாரி அடிக்கவில்லை. வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன.

"அதுங்களை வெளிய எடுங்க" என்றாள் இமெல்டா. "குடிக்க விடாதீங்க."

"ஏண்டியம்மா, தண்ணி ராணி! காசைக் கொடுத்து வாங்காதீங்க, குழாயில குடிங்கன்னு வீடு வீடா நோட்டீஸ் ஒட்டினது யாரு? இப்ப குடிக்காதேங்கற. நாளைக்கு மூச்சு விடாதேம்பியா?"

"தயவுசெஞ்சு சொல்றேன்."

"காலையிலேருந்து இதுங்க சாப்பிடவே இல்ல. தண்ணி, தண்ணி, அதே பேச்சு." கிழவி சிரித்தாள். உதட்டோரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. "உன் மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது போ."

இங்கே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பொடி விழுந்த உடனே ஊதா நூல்கள் குப்பிக்குள் சுருண்டு இறங்கின. தொண்ணூற்றாறு. இமெல்டா பிள்ளைகளில் சின்னதைத் தூக்கப் பார்த்தாள். அது தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளை முறைத்தது. பிரிக்க முடியவில்லை. கிழவி, "என் பேரப்பிள்ளையை விடுடி!" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். இமெல்டா ரோஹேலியோவுக்கு மறுபடி போன் போட்டாள், எடுக்கவில்லை. அவசர எண்ணுக்குப் போட்டாள். யாருக்காவது மயக்கமா, மூச்சுத் திணறலா என்று கேட்டார்கள். இல்லை, தாகமாக இருக்கிறார்கள் என்று சொன்னாள். அப்படிச் சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

கடைசித் தெருவில் நிழலே இல்லை. நயேலி வீட்டு வாசலில் லாரியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் மீட்டர். மூடிக்கு அடியில் அந்தச் சின்ன முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. குளிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாள், அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே கூலரின் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அதில் பழைய காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி. இமெல்டா வாயை மூடிக்கொண்டாள். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் ஏழெட்டுக் கண்ணாடித் தம்ளர்கள், எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர்.

நயேலி பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சை போட்டியா, கண்ணு?" என்று கேட்டாள் இமெல்டா. குரல் அவளுடையதாகவே இல்லை.

"வெறும் தண்ணிதாம்மா." மகள் திரும்பவில்லை. "நீ போட்டதுதான்."

"கீழ வை."

"முடியலம்மா. எவ்ளோ குடிச்சாலும் அடங்கல."

"நயேலி, கீழ வைடி!"

அப்போதுதான் மகள் திரும்பினாள். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இருந்த அதே கண். அம்மா ஏதாவது செய்வாள் என்று நம்புகிற கண்.

"எனக்குத் தாகமில்லம்மா" என்றாள் மெதுவாக. "அவனுக்குத்தான்."

இமெல்டா பாய்ந்து தம்ளரைப் பிடுங்கினாள். தோளில் மாட்டியிருந்த சோதனைப் பை நழுவி விழுந்தது. பொட்டலங்கள் கிழிந்தன. பொடி தரையெல்லாம் கொட்டியது. குழாயை மூடினாள். தொட்டிக்கு அடியில் குனிந்து, வீட்டுக்கு வரும் வால்வைத் தேடி, பலம் கொண்டமட்டும் திருகினாள்.

தண்ணீர் நின்றது.

ஒரே அமைதி. கூலர்கூடச் சொட்டவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள் இமெல்டா. "ஒண்ணுமில்ல, கண்ணு. வண்டில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க வேற தண்ணி."

நயேலி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா."

"வந்துட்டேன்."

"அம்மா, அவன் கோவிச்சுக்கறான்."

பனிக்குடம் உடைந்தது.

அவள் கால் வழியே இறங்கியது. தரையில் பரவியது. தெளிந்த நீர்தான். வெதுவெதுப்பானது. இமெல்டா மண்டிபோட்டு அதைப் பார்த்தாள். அது பொடியை நோக்கி ஊர்ந்தது. துடைக்க வேண்டும். கை நகரவில்லை. ஒரு விரற்கடை. அரை விரற்கடை.

தொட்டது.

ஊதா. சாயல் இல்லை. மை. இத்தனை வருட வேலையில் எந்தக் குப்பியிலும் அவள் காணாத ஊதா. பொடியிலிருந்து பின்னோக்கி ஏறியது, நீர் வந்த வழியே, மகளின் பாதத்துக்கு, கணுக்காலுக்கு, முழங்காலுக்கு.

"நயேலி."

தொட்டிக்கு அடியில் வால்வு திறக்கும் சத்தம். பிறகு குழாய்.

இமெல்டா நிமிர்ந்தாள். மகள் குழாயில் நேராக வாயை வைத்திருந்தாள். தொண்டை அசையவில்லை. தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த சட்டைக்கு அடியில் வயிறு மட்டும் எழும்பித் தாழ்ந்தது. எழும்பித் தாழ்ந்தது. மடக்கு மடக்காக.