திவான் மடியிலிருந்த சாவி

"இது எங்கப்பா வரைஞ்ச படம் இல்லைங்க" என்றார் சகாயம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

துப்பறிவாளர் யமுனாவின் தில்லை நகர் அலுவலக மேசைமேல் சட்டம் போட்ட கேலிச்சித்திரம் ஒன்று கிடந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த காலத்தில் சகாயம்மாளின் தந்தை விக்டர் வரைந்த படம் என்று பெயர். யானையை விட்டிறங்கிய ராஜா கிரீடத்தை நீட்டுகிறார். பின்னால் திவான் கைகட்டி நிற்கிறார். கஜானா சாவி யானைப்பாகன் இடுப்பில் எட்டிப் பார்க்கிறது.

"சாவி திவான் மடியில இருந்துச்சு. அதுக்காகத்தான் அப்பாவுக்கு வேலையே போச்சு. நாளைக்குக் கண்காட்சில இதை மாட்டினா, ஏழைப் பாகனைத் திருடன்னு வரைஞ்சவர்னு ஆயிடும்."

படம் வெளிவந்த பத்திரிகையின் பிரதி இப்போது எங்கும் கிடைக்கவில்லை. கண்காட்சி நடத்தும் பேராசிரியர் ஜெபராஜோ, அந்த அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தார். வயதானவர் வாயை அடைக்க அதைவிடச் சுலபமான வழி உண்டா?

கண்காட்சிக்காகச் சகாயம்மாள் கொடுத்த படம் இரண்டே பேர் கைக்குப் போயிருந்தது. ஜெபராஜ் தன் கைலாசபுரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, சட்டம் மாற்றுவதற்காக ஸ்ரீரங்கத்து ஓவியர் ஜனார்தனிடம் கொடுத்திருந்தார். குற்றவாளி ஜெபராஜ்தான் என்று உதவியாளர் ஆசீர் அடித்துச் சொன்னான். யமுனா, சகாயம்மாள் கொண்டுவந்திருந்த விக்டரின் மற்றப் படங்களைப் புரட்டினார். பலவற்றிலும் அதே யானை, நெற்றியில் நாமத்தோடு நின்றது.

பிறகு யமுனாவும் ஆசீரும் ஸ்ரீரங்கம் போனார்கள். நெற்றியில் பளிச்சென்று நாமம் இட்டிருந்த ஜனார்தன் உபசாரமாகக் காபி கொடுத்தார். கூடத்தில் தலைப்பாகைப் பெரியவர் ஒருவரின் புகைப்படம் மாலையோடு தொங்கியது. யாரென்று யமுனா கேட்டதற்கு, கொள்ளுத்தாத்தா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

மாலையில் கண்காட்சிக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, யமுனா படங்களை வரிசையாகப் பரப்பினார்.

"விக்டர் கோயில் யானையைத் தூரத்துல இருந்து பார்த்தவர். அவர் போட்ட நாமம் எல்லாமே வெறும் மூணு கோடு. மூக்குப் பக்கம் இறங்குற பாதம் ஒண்ணுலயும் கிடையாது. இந்தப் படத்துல மட்டும் பாதம் இருக்கு. தினமும் காலைல நாமம் போடுற கை வரைஞ்சது இது."

ஜெபராஜ் தன் வெறும் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஆசீருக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லோர் பார்வையும் ஜனார்தன் மேல் விழுந்தது.

"உங்க கூடத்துப் புகைப்படத்துல பார்த்த அதே முகம். அந்தத் திவான் உங்க கொள்ளுத்தாத்தாதானே?" என்று யமுனா கேட்டார்.

ஜனார்தன் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆமாம். பழைய தாள் தேடிப் பிடிச்சு வரைஞ்சேன். விக்டர் பாதம் போடலேன்னு தெரியும். சாவியை இடம் மாத்தக் கை வந்தது. பெருமாள் திருவடியை விட்டுட்டுத் திருமண் போட மட்டும் கை வரலை."

"அசல் எங்க? எரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் சகாயம்மாள்.

"அரைகுறையா இருந்தாலும் அது திருமண்தானே அம்மா. அதை எப்படி நெருப்புல போடுவேன்?"

ஆசீர் அவரோடு ஸ்ரீரங்கம் போய் அசலை வாங்கி வந்தான். சகாயம்மாள் ராஜாவையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திவானின் மடியைப் பார்த்தார். சாவி இருந்தது.