இலுப்பைக் கட்டில்

கட்டிலின் நடுப்பலகை மறுபடி ஈரமாக இருந்தது.

மனைவி சத்யபிரியா குளியலறைக்கு எழுந்துபோன நேரம் பார்த்து குருமூர்த்தி மெத்தையை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து, துணியால் தேய்த்துத் தேய்த்து அவன் கையாலேயே மெருகேற்றிய பலகை. அந்த வாசம்தான் வரவேண்டும். வந்ததோ கன்று போட்ட மாட்டின் சீம்பால் வாசம். புதுச்சத்திரத்து வெயிலில் பத்து மணிக்கே தகரக் கொட்டகை படபடவென்று வெடிக்கிறது, பானைத் தண்ணீரே கொதிக்கிறது, ஒரு வருஷம் நிழலில் காய்ந்த மரத்துக்கு எங்கிருந்து வருகிறது ஈரம்? துடைத்துவிட்டு அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டான்.

ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டு முதுகு போனபின், வீட்டுக்குப் பின்னால் அந்தக் கொட்டகையில் அவன் பழகிக்கொண்ட வேலை இது. ஜப்பான்காரர்களின் வீடியோவை ஃபோனில் பார்த்து, இழைப்புளியை முன்னால் தள்ளாமல் தன் பக்கம் இழுக்கப் பழகினான். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு கட்டையில் செதுக்கிய நாக்கு இன்னொன்றின் குழிக்குள் போகும். நாக்கின் நுனியில் சின்ன ஆப்பு. அடிக்க அடிக்க நாக்கு குழிக்குள்ளேயே விரிந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் கழற்ற முடியாது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்.

சத்யபிரியாவுக்கு இரண்டு கரு நிற்கவில்லை. மூன்றாவது ஏழு மாதம் தாண்டியிருந்தது. அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் நாமக்கல் டாக்டர். உயரக் கட்டிலில் அவள் ஏறி இறங்கக் கூடாதென்றுதான் முழங்காலுக்கும் கீழே நிற்கும் இந்தக் கட்டிலைச் செய்தான். இந்தக் கருவும் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள். உண்மையில் அவன்தான் தாங்கமாட்டான்.

மரம் சொந்தத் தோட்டத்து இலுப்பை. சுற்றுவட்டாரத்தில் எந்த மாடு கன்று போட்டாலும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் பெருகட்டும் என்று அந்த மரத்தில்தான் தொங்கவிடுவார்கள். போன வருஷம் அதை வெட்ட வந்த மாரி அண்ணாந்து பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மூட்டையெல்லாம் வேற பால்மரத்துல மாத்திக் கட்டிப்போட்டுத்தானுங்க வெட்டோணும். அதுதான் மொறை."

"அழுகுன சாக்குக்கு என்னங்கண்ணா மொறை? வண்டி நிக்குது பாருங்க" என்று குருமூர்த்தி எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்தினான். அன்றைக்கு நல்ல காற்று. ஒரு மணி நேரத்தில் சாம்பலும் இல்லை.

குளியலறையிலிருந்து சத்யபிரியா வந்து மெல்லப் படுத்தாள். மெத்தையைக் காலால் ஒதுக்கினாள்.

"இது வேண்டாமுங்க. வெறும் பலகைதான் சில்லுனு இருக்குது."

சற்று நேரத்தில் ஒரு சத்தம். மடியில் வாய் வைத்த கன்று போடும் சத்தம். சப், சப் என்று நிதானமாக, அவள் இடுப்புக்கு நேர் கீழேயிருந்து. குனிந்து ஃபோன் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். சுத்தமான தரை. மேலே சுத்தமான பலகை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நிமிர்ந்தபோது அவள் வயிற்றைப் பார்த்தான். நேற்றைக்கு இருந்த அளவு இல்லை.

"பிரியா, எந்திரி சாமி. உங்கம்மா ஊட்டுக்குப் போயிரலாம்."

"டாக்டர் அசையக் கூடாதுன்னாங்கல்ல?" கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இதுல படுத்தாத்தானுங்க வகுறு வலிக்கறதில்ல."

தூக்கப் பார்த்தான். ஒரு சாண் தூக்குவதற்குள் வீரிட்டாள். பதறி, இருந்தபடியே கிடத்தினான். கொட்டகைக்கு ஓடிச் சுத்தியலை எடுத்துவந்து, கட்டிலைப் பிரித்துவிட அதன் கால் இணைப்பில் ஓங்கி அடித்தான். ஆப்பு இன்னும் இறுகியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"அடிக்காதீங்க. அடிக்கறப்பல்லாம் உள்ள இழுக்குது."

சுத்தியலை வைத்துவிட்டான். வேறென்ன செய்வான்? ஆம்புலன்சுக்குச் சொன்னான். பைபாஸில் இருக்கிறோம், வந்துவிடுகிறோம் என்றார்கள். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தான். உச்சி வெயில். ஒரு ஈ காக்கை இல்லை. தன் கையால் செய்த கட்டிலுக்குப் பயந்து தெருவில் நிற்கிறோமே என்று அழுகை வந்தது.

அப்போதுதான் உணர்ந்தான். உள்ளே சத்தம் நின்றிருந்தது.

ஓடினான்.

அறையெங்கும் பால் வாசம். சத்யபிரியா கட்டிலின் ஓரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. முகத்தில் வலி இல்லை. துணியில் ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை.

சேலைக்குள் வயிறு தட்டையாகக் கிடந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நடுப்பலகை. அவன் இழுத்து இழுத்து இழைத்த பலகை. உப்பியிருந்தது. வெடிக்கவில்லை. விரிசல் விடவில்லை. மரத்தின் ரேகைகள் அகன்று, மினுமினுத்து, ஒரு மேடாக எழும்பி நின்றது.

மேட்டின் ஓரத்தில் ஏதோ உள்ளிருந்து முட்டியது. சின்னக் குதிகால். முட்டி, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் போனது.

சத்யபிரியாவின் கை தூக்கத்திலேயே நீண்டு, அந்த இடத்தைத் தேடித் தடவிக்கொடுத்தது.