வெளிவாய்ச் சுவர்

காலையில் இருபத்திரண்டு மீட்டராக இருந்த குழாய், மதியம் மூன்றரை மணிக்கு இருபத்திரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டராக இருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தை மறுபடி பார்த்தாள். நாற்பதுதான். எட்டு வருடமாகக் கல்வர்ட், அதாவது சாலையடி நீர்க்குழாய், வரைகிறவளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எங்கிருந்து முளைக்கும் என்பது தண்ணீர் பட்ட பாடு. சாலைக்கு அடியில் போகும் குழாயின் இரண்டு வாயிலும், மண் சரியாமல் தாங்கிப் பிடிக்க ஹெட்வால் என்று ஒவ்வொரு சுவர் நிற்கும். கம்ப்யூட்டர் குழாயின் நீளத்தை ஒரு சுவரின் நடுவிலிருந்து மறு சுவரின் நடுவுக்கு அளக்கும். யாராவது சுவரின் தடிமனை மாற்றினால் நீளமும் மாறும்.

ஆனால் தடிமன் மாறவில்லை. சுவரே நகர்ந்திருந்தது. அதுவும் தண்ணீர் வெளியேறும் பக்கத்து வெளிவாய்ச் சுவர்.

மூன்று வாரமாக அந்தச் சுவர் திரையில் வந்தாலே அவள் படத்தை வேறு பக்கம் நகர்த்திவிடுவாள். ஏனென்றால் அப்படியொரு சுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சர்வேயில் குழாயின் உள்வாய் மட்டும்தான் கிடைத்தது; சாலையின் மறுபக்கம் முழுக்க முள்புதரும் மண்மேடும். கம்ப்யூட்டரோ முனை இல்லாத குழாயை ஒப்புக்கொள்ளாது, சிவப்பு எழுத்தில் கத்திக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மறுநாளே படத்தை ஒப்படைத்தாக வேண்டியிருந்தது. எங்கேயோ இருக்கத்தானே போகிறது என்று குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஒரு சுவரை நட்டுவிட்டாள். 'உத்தேசம்' என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இன்று அந்தப் படத்தை நம்பித்தான் அவள் தம்பி குழாய்க்குள் இறங்கியிருக்கிறான்.

அவன் சைட் சர்வேயர். எந்தக் குழாய்க்குள்ளும் சரசரவென்று புகுந்துவிடுவான் என்பதால் அங்கே அவனுக்குப் பெயர் எலி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். காலையில் அவன் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

எல்லோரும் மாடியில் மீட்டிங்கில் இருந்தார்கள். ஏசியின் உறுமலும், சூடேறிய பிரிண்டரின் கருகல் வாசனையும், பாதி இறக்கிய ஜன்னல் திரை மேசைகள் மேல் போட்டிருந்த வரிவரி நிழலும் தவிர அந்தப் பெரிய அறையில் எதுவும் இல்லாதபோது அவள் செல்போன் அதிர்ந்தது.

"அக்கா, இருபது மீட்டர் வந்துட்டேன். எங்க உன் சுவரு? டீ குடிக்கப் போயிருக்கா?"

மண்ணுக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. ஆனால் அவன் குரல் அடுத்த நாற்காலியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அதன் பின்னால் கான்கிரீட்டில் முழங்கால் தேயும் சத்தம், எங்கோ சொட்டுச் சொட்டாக நீர், அவன் மூச்சு, அந்த மூச்சின் எதிரொலி.

"போதும்டா. திரும்பி வந்துடு."

"இன்னும் ரெண்டு மீட்டர்தானே? பாத்துட்டே வந்துடறேன்."

"சொன்னா கேளு. அந்தப் பக்கம் சுவரே கிடையாது. நான் சும்மா போட்டது."

ஒரு நொடி முழங்கால் சத்தம் நின்றது. பிறகு சிரித்தான்.

"போக்கா, விளையாடாத. அதோ தெரியுதே."

அவள் திரையைப் பார்த்தாள். இருபத்து நாலு மீட்டர். இருபத்தேழு. பழைய எண்ணை அடித்து என்டரைத் தட்டினாள். எண் ஒரு கணம் நின்றது. மறுபடி ஊர்ந்தது. முப்பத்தொன்று.

"செம ஃபினிஷிங்க்கா. ஒரு பாசி இல்ல, ஒரு கீறல் இல்ல. கை வெச்சா சூடும் தெரியல, குளிரும் தெரியல. இரு, வெளிய வந்துட்டேன்."

"என்னடா தெரியுது?"

திரையில் முப்பத்தைந்து.

"டேய்!"

"ஒண்ணும் இல்லக்கா."

"இருட்டா இருக்கா?"

"இருட்டு இல்ல. ஒண்ணுமே இல்ல. வானம் இல்ல. தரை இல்ல. சுவரைப் புடிச்சுட்டுத் தொங்கறேன்."

அவளுக்குப் புரிந்தது. படம் அந்தச் சுவரோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் அவள் தரை வரையவில்லை.

மேசை மேல் இருந்த ஆபீஸ் போன் அலறியது. சைட் மேஸ்திரி.

"மேடம், தம்பி இடுப்புல கட்டின கயிறு மொத்தமும் உள்ள போயிடுச்சு. அம்பது மீட்டர் கயிறு! குழாயே இருபத்திரண்டு மீட்டர்தானே மேடம்?"

"இழுங்க! இழுங்கண்ணே!"

"இழுத்துட்டோம். காலியா வருது. முடிச்சு போட்டது போட்டபடியே இருக்கு."

ரிசீவரைப் போட்டுவிட்டுச் செல்போனைக் காதில் அழுத்தினாள்.

"அக்கா, சுவர் வழுக்குது. கை வலிக்குதுக்கா."

தரை. அவனுக்குத் தரை வேண்டும். மூன்று புள்ளி வைத்தால் ஒரு முக்கோணம். முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துத்தான் கம்ப்யூட்டரில் நிலம் உண்டாகும். மவுஸால் சுவரடியில் மூன்று இடத்தில் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு பச்சை முக்கோணம் விழுந்தது.

"கால்ல பட்டுச்சு! நிக்கறேன்க்கா, நிக்கறேன்!" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "இன்னும் போடு. சுவர் விலகிப் போகுது பாரு."

விலகியது. நாற்பது மீட்டர். ஐம்பது. சுவரும் குழாயும் சாலையும் அவனை விட்டுவிட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அவள் துரத்தினாள். ஒரு முக்கோணம். இன்னொன்று. சுவரின் பக்கமாக. சீக்கிரம். சீக்கிரம்.

"ரெண்டு பக்கமும் போடறியாக்கா?"

அவள் விரல் நின்றது.

"என்ன?"

"எனக்குப் பின்னாலயும் தரை வருதே."

எண்ணினாள். அவள் போட்டது மூன்று. திரையில் நான்கு இருந்தன.

நான்காவது அவனுக்கு மறுபுறம். கறுப்பின் உள்ளே, வெகு தூரத்தில், தனியாக.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்தாவது விழுந்தது.

"யாரோ வர்றாங்க," என்றான் தம்பி. குரல் குழந்தையினுடையதுபோல் சிறுத்திருந்தது. "முட்டி போட்டு வர்றாங்க. நீ அனுப்பின ஆளாக்கா?"

ஆறாவது.

ஏழாவது.

போனில் முழங்கால் தேயும் சத்தம் கேட்டது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

எட்டாவது முக்கோணம், அவன் நின்ற முக்கோணத்தின் விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டது.