எண்பதில் ஒரு கடிவாளம்

மணி அடித்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் வருமே, அவ்வளவுதான். வேகமுள் எண்பதில் நின்றுவிட்டது. வண்டியை ஓட்டிய கியர் மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்த்தான். எஞ்சின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முள்ளுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதன் அர்த்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும்: யாரோ எண்பதில் வேக வரம்பு போட்டிருக்கிறார்கள். அவன் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளும் போடவில்லை. வழக்கமாக அதைப் போடுகிறவள் செத்து அரை வருஷம் ஆகிறது.

“என்னப்பா ஆச்சு?” என்றாள் மகள்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றான். ஆனால் உள்ளுக்குள் அவன் சந்தோஷப்பட்டான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

அந்த ஜெர்மன் கார் அவன் மனைவியின் ஆசை. எஞ்சினின் பலத்தை நான்கு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற வண்டி. விட்டால் எங்கே போய் நிற்குமோ என்று பயந்து, கம்பெனிக்காரனே இருநூற்றைம்பதில் ஒரு எலெக்ட்ரானிக் பூட்டைப் போட்டு அனுப்புகிற ரகம். வீட்டில் ரிப்பேர் பார்ப்பது அவன், ஓட்டுவது அவள். மெயின் ரோட்டில் தனியாகப் போனால் இரண்டாவது கியரை விடாமல் பிடித்து, எஞ்சின் கத்தக் கத்த இழுத்து, கடைசி நொடியில்தான் மூன்றுக்கு விடுவாள். ஆனால் மகள் ஏறிவிட்டால் ஆளே வேறு. முதலில் மகளின் தோளில் இருக்கும் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை அமுக்கி, வரம்பை எண்பதில் வைப்பாள். “நான் மட்டும்னா புலி, பிள்ளை ஏறினா பூனை” என்று சிரிப்பாள்.

அவள் செத்த அன்றைக்குத் தனியாகத்தான் போனாள். நல்ல மழை. பாட்டு கிளாஸ் முடிந்து நின்ற மகளைக் கூட்டிவரப் போகும்போது போனில், “வாசல்ல நில்லுடா கண்ணு, இதோ வந்துட்டேன்” என்று சொல்லியிருக்கிறாள். நாற்சந்தியில் பக்கவாட்டில் வந்த ஒரு லாரி, டிரைவர் பக்கத்துக் கதவோடு அவளையும் சேர்த்து நசுக்கிவிட்டது. மகள் வாசலில் நின்றாள். கிளாஸ் விளக்கை அணைத்துப் பூட்டிய பிறகும் நின்றுகொண்டிருந்தாள், பாவம்.

காரின் உடம்பு போய்விட்டது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்தபோது அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. அதே மாடலில் எஞ்சின் எரிந்துபோன ஒரு காரை வாங்கி வந்து, அவளுடைய எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி அதில் மாட்டினான்.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றினால், முதல் வேலையாக அதன் ஞாபகத்தைத் துடைத்துவிட வேண்டும். ஏனென்றால் தானாகக் கியர் மாற்றுகிற இந்தக் காலத்துப் பெட்டிகள் ஓட்டுகிறவரைப் படிக்கும். கால் எப்படி மிதிக்கிறது, எப்போது எடுக்கிறது என்று கவனித்துக் கவனித்து, அதற்கேற்ற மாதிரி கியர் மாற்றக் கற்றுக்கொள்ளும். ஒர்க் ஷாப்பில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவனுக்கு ‘வயர்’ என்று பெயர். அவன் லேப்டாப்பை மாட்டி அழிக்கப் போனபோது, இவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்ப்பா. அப்படியே இருக்கட்டும்.”

“அண்ணே, பெட்டிக்கு ஆள் தெரியாது, கால்தான் தெரியும். இன்னும் அண்ணியோட கால்னு நெனச்சுக்கிட்டு ஓடும்ணே.”

“ஓடட்டுமே” என்றான். வயர் லேப்டாப்பை மூடினான்.

ஓடியது. இரண்டாவது கியரைப் பிடித்து இழுத்து, கடைசி நொடியில் மூன்றுக்கு விட்டது. முதல் நாள் அதைக் கேட்டு அவன் ரோட்டோரம் நிறுத்தி அழுதான். அவன் கால் பட்டுப் பட்டு, பெட்டி அவளை மறந்துவிடுமோ என்று பயம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் மாதிரி நுனிக்காலால் மிதித்து ஓட்டிப் பழகினான். ஊரில் பெண்டாட்டி செத்தால் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். இவன் அவளுடைய காலை வைத்துக் காப்பாற்றினான்.

அந்த மணியும் அப்படித்தான் அவனுக்குப் பட்டது. அவன் மட்டும் போனால் வரம்பு வராது. மகள் ஏறினால் தானாகவே எண்பது. ஏதோ கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்ட பழைய கணக்கு என்று தொழில்காரப் புத்தி சொன்னது. இல்லை, அவள்தான் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைத்தான் அவன் கேட்டான்.

சீட் விஷயம் வந்தபோதுதான் கொஞ்சம் உறுத்தியது. அவள் குள்ளம், அவன் நெட்டை. காலையில் ஏறினால் சீட் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கும். தள்ளி வைப்பான். மறுநாள் இரண்டு விரற்கடை. நடுக் கண்ணாடி கீழே சாய்ந்து, அவன் கழுத்தைத்தான் காட்டும். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஆக்ஸிலேட்டருக்குக் கீழே விரிப்பு ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, குதிகால் ஊன்றும் இடத்தில் மட்டும் ஈரம். முகர்ந்து பார்த்தான். மழைத் தண்ணீரும் துருவும் கலந்த வாடை, அதற்கு அடியில் அவள் கைக்குப் பூசுகிற எலுமிச்சைக் கிரீமின் வாசனை. பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுது என்று மிதிக்கவும் முடியவில்லை.

பிறகு ஒரு நாள், வண்டியைக் கிளப்பும் முன்பே மகள் அலறினாள். கதவைத் திறந்து இறங்கி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பெல்ட்டை இழுத்தாங்கப்பா.”

“யாரும்மா?”

“அம்மா இழுக்கற மாதிரியே இழுத்தாங்க. ஆனா அது கை இல்லப்பா. ஜில்லுன்னு இருந்துச்சு.” தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “எனக்கும் அம்மா வேணும்ப்பா. இப்படி வேணாம். அந்தப் பெட்டியோட ஞாபகத்தை அழிச்சிடுங்க.”

அவன் முடியாது என்றான். கோபப்பட்டும் பேசினான். மகள் அதன்பின் பஸ்ஸில் போனாள். சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்; கேட்டதற்கு மட்டும் பதில். உயிரோடு இருக்கிற ஒரே ஜீவனும் கையை விட்டுப் போகிறது என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. உறைத்ததும் உடைந்துவிட்டான். “இன்னைக்கு அழிச்சிடறேன். சாயங்காலம் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம், வர்றியா?” என்றான். அவள் வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “நெஜமா அழிச்சா வர்றேன்.”

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. வயர் லேப்டாப்பை மாட்டினான்.

“ஒரு தடவை அமுக்கினா மொத்தமும் போயிடும்ணே. கால் படிச்சதும் போயிடும், அந்த எண்பதும் போயிடும். இனிமே கம்பெனி வச்ச இருநூத்தம்பதுதான் எல்லை.”

“போகட்டும்” என்றான். அவனே விரலை வைத்து அமுக்கினான். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாயின. அவளுக்கு இரண்டாம் முறை கொள்ளி வைத்த மாதிரி இருந்தது. வயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி வெளியே வந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று கியர்கள் சாதுவாக மாறின, யாருடைய காலும் தெரியாத புதுப் பெட்டியாக. சீட் இடத்திலேயே இருந்தது. விரிப்பைக் காலால் தடவினான். காய்ந்திருந்தது. பெருமூச்சு விட்டான். இருபது வருஷத்து வாழ்க்கை இப்படி ஒரு பட்டனில் போய்விட்டதே என்று கண் கலங்கினாலும், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. மகளுக்குப் போன் போட்டான்.

“அழிச்சிட்டேன்மா. வாசல்ல நில்லு கண்ணு, இதோ வந்துட்டேன்.”

போனை வைத்த பிறகுதான் தன் வாயில் வந்த வார்த்தைகள் அவனுக்கே கேட்டன.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

வண்டி வேகம் குறையவில்லை.

குனிந்து பார்த்தான். தெருவிளக்கு ஒன்று கடந்தபோது கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. மிதி தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது, நிதானமாக, நுனிக்காலால் அமுக்குகிற மாதிரி. எஞ்சின் எழுந்தது. இரண்டாவது கியர். விடவில்லை. கத்தக் கத்த இழுத்தது. கடைசி நொடியில் மூன்று.

பிரேக்கை மிதித்தான். கல். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான், பிடித்தே அமுக்கினான். ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. எலுமிச்சை வாசனை. குதிகாலில் ஈரம்.

“வேணாம்” என்றான். “ஏய், நான்தான். நான்தான்டி. சொன்னா கேளு.”

சீட்டுக்கு அடியில் மோட்டார் முனகியது. சீட் முன்னால் நகர்ந்தது. முட்டி டேஷ்போர்டில் இடித்தது. இன்னும் நகர்ந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் அழுந்தியது. அவளுக்குச் சரியான தூரம் வரும் வரைக்கும் நகர்ந்தது. விலா எலும்பு ஒன்று உள்ளே முறிந்ததை அவன் கேட்டான். மூச்சு பாதியில் நின்றது. நடுக் கண்ணாடி மெல்லத் தாழ்ந்து, ஒரு குள்ளமான ஆளின் கண்ணுக்கு நேராக நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

இத்தனை நாள் அவளைப் பிடித்து வைத்திருந்தது அந்த எண்பதுதான் என்று அப்போது புரிந்தது. பிள்ளைக்காக அவளே தனக்குப் போட்டுக்கொண்ட கடிவாளம். அதைத்தான் அழித்திருக்கிறான். அவளை அல்ல.

வீட்டுத் தெரு. வண்டி பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது.

மகள் நின்றிருந்தாள். தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டு. அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடியெல்லாம் பனி படர்ந்திருந்தது; உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஏறாதே என்று கத்தினான். காற்றுத்தான் வந்தது. ஹாரனை அடிக்கக் கையைத் தூக்கினான். கை நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் மாட்டியிருந்தது. போயிடு. உள்ளே போயிடு கண்ணு. ஓடு.

பக்கத்துக் கதவு மட்டும் ‘க்ளிக்’ என்று திறந்துகொண்டது.

மகள் ஓடி வந்து ஏறினாள். கதவைச் சாத்தினாள். மழை வாசனை. பழக்க தோஷத்தில் குனிந்தபடியே பெல்ட்டை மாட்டினாள்.

“செம மழைப்பா. நெஜமா அழிச்சிட்டீங்கதானே? இனி அந்த மணி அடிக்காதுல்ல?”

நிமிர்ந்து சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள். அவள் கண் அப்பாவின் மேல் இல்லை. நடுக் கண்ணாடியில் இருந்தது.

“அம்மா” என்றாள், சின்னக் குழந்தைக் குரலில்.

கதவுகள் பூட்டிக்கொண்டன. வண்டி நகர்ந்தது. தெரு முடிந்தது. மெயின் ரோடு. இரண்டாவது கியர்.

மகளின் கை அவன் விரலைத் தேடிப் பிடித்தது. எழுபது. அவன் அந்த ஆரஞ்சு விளக்கு எரியாதா என்று பார்த்தான். ஒருமுறை எரியேன். பிள்ளை ஏறியிருக்கிறாள், பாரேன்.

மகளின் தோளில் பெல்ட் ஒருமுறை இழுபட்டது. மெதுவாக, அக்கறையாக, சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

முள் எண்பதைத் தொட்டது. மணி அடிக்கவில்லை.